3,610 ஓட்டு எங்கே போனது? ஆன்ட்ரிம் கவுண்டி முடிவுகளைச் சரிபார்த்த கதை

முதலில் பட்டியலைப் பார்த்துவிடுவோம், கதை அப்புறம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், வடக்கே ஏரிகள் சூழ்ந்த பகுதியில் ஆன்ட்ரிம் என்றொரு சின்ன கவுண்டி, அதாவது மாநிலத்துக்குள் ஒரு நிர்வாகப் பிரிவு. மக்கள்தொகை 23,000 சொச்சம்தான். நம் ஊர்க் கணக்கில் ஒரு பேரூராட்சி. 2020 நவம்பர் 3 அன்று அதிபர் தேர்தல் நடந்தது. மறுநாள் விடிவதற்குள் அந்தக் கவுண்டி தன் முதல் கட்ட முடிவை வெளியிட்டது. பதிவான வாக்காளர்கள் 22,082. ஓட்டுப் போட்டவர்கள் 16,047. ஜோ பைடன் 7,769. டொனால்ட் டிரம்ப் 4,509. மற்ற கட்சிகள் சேர்ந்து 145. அச்சிட்ட பெயர்களை விட்டுவிட்டுச் சீட்டில் வேறு பெயரைக் கையால் எழுதியவர்கள் 14.

நவம்பர் 5 அன்று இன்னொரு பட்டியல் வந்தது. ஓட்டுப் போட்டவர்கள் 18,059. பைடன் 7,289. டிரம்ப் 9,783. மற்றவர்கள் 255. கையால் எழுதியவை 20.

நவம்பர் 21 தேதியிட்டு மூன்றாவது பட்டியல். ஓட்டுப் போட்டவர்கள் 16,044. பைடன் 5,960. டிரம்ப் 9,748. மற்றவர்கள் 241. கையால் எழுதியவை 23.

ஒரே தேர்தல், ஒரே சீட்டுகள், மூன்று பட்டியல். இதைப் பார்த்து 'சதி' என்று கூவியவர்கள் மூன்றையும் வரிசையாக அடுக்கி வைத்துத்தான் கூவினார்கள். நானும் அப்படியே அடுக்கித்தான் பார்க்கப்போகிறேன். கூடவே கொஞ்சம் கழித்தலும் வகுத்தலும் போட்டுப் பார்க்கலாம் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

முதல் பட்டியல்

நவம்பர் 4 காலையில் அந்த ஊர்க்காரர்களுக்கு உடனே உறுத்தியது சதவீதம். ஆன்ட்ரிம் குடியரசுக் கட்சியின் கோட்டை. 2016 தேர்தலில் டிரம்ப் அங்கே 60 சதவீதத்துக்கு மேல் வாங்கியவர். நான்கு வருடத்தில் அது 36 சதவீதமாகச் சரிந்திருக்கிறது என்றால் அங்கே டீக்கடை நடத்துபவர்கூட நம்பமாட்டார். அங்கே தேர்தலை நடத்தும் பொறுப்பில் இருந்த அதிகாரி, அதாவது கவுண்டி கிளார்க், ஷெரில் கய், அவரும் குடியரசுக் கட்சிக்காரர்தான், அவருக்கு ஃபோன் வரத் தொடங்கியது. அன்றே அந்த முடிவு இணையத்திலிருந்து இறக்கப்பட்டது.

ஆனால் 'நம்ம ஊர்ல இப்படி நடக்காதே' என்பது சந்தேகத்துக்குத்தான் போதும். சரிபார்ப்பு என்று அதைச் சொல்ல முடியாது. கோட்டைகள் சரிவதும் உண்டு, தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. போன தேர்தலோடு ஒப்பிடுவதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. எதிர்பார்த்தபடி வந்த தவறான எண் சத்தமில்லாமல் கடந்து போய்விடும். எதிர்பாராத சரியான எண் மாட்டிக்கொள்ளும்.

எனவே வெளியிலிருந்து எதையும் கொண்டுவராமல், பட்டியலுக்குள்ளேயே இருக்கும் எண்களை ஒன்றோடொன்று மோதவிட வேண்டும். ஓட்டுப் போட்டவர்கள் 16,047. அதிபர் பதவிக்கு விழுந்த ஓட்டு மொத்தம் 12,437. கழித்தால் 3,610. அதாவது, கொரோனா காலத்தில், அமெரிக்காவே கொதித்துக்கொண்டிருந்த ஒரு தேர்தலில், ஓட்டுச் சாவடிக்கு வந்தோ தபாலிலோ ஓட்டுப் போட்ட நூறு பேரில் இருபத்திரண்டு பேர் அதிபர் போட்டியை மட்டும் காலியாக விட்டுவிட்டார்கள் என்று பட்டியல் சொல்கிறது.

இது நடக்காத காரியம். அமெரிக்க வாக்குச்சீட்டு ஒரு நீண்ட தாள். அதிபர், செனட்டர், நீதிபதி, பள்ளி வாரிய உறுப்பினர், உள்ளூர்த் தீர்மானம் என எல்லாம் ஒரே சீட்டில் வரும். கீழே போகப்போக ஜனங்களுக்கு அலுத்துவிடும், பள்ளி வாரியம் வரும்போது பலர் விட்டுவிடுவார்கள். மேலே இருக்கும் அதிபர் போட்டியை விடுபவர்கள் மிகச் சொற்பம். மூன்றாவது பட்டியலில் இதே கழித்தலைச் செய்தால் 72 வருகிறது. அரை சதவீதம்கூட இல்லை.

முதல் பட்டியலை வெளியிடும் முன் யாராவது கால்குலேட்டரில் ஒரே ஒரு தடவை தட்டியிருந்தால் போதும். யார் ஜெயித்தார், எந்தக் கட்சி ஊர் என்பதெல்லாம் தெரியவே வேண்டாம். கட்சிப் பெயர்களை மறைத்துவிட்டுக் கொடுத்திருந்தாலும் இந்தப் பட்டியல் உடைந்திருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். இந்த விவகாரத்தில் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாக இருப்பது இதுதான்.

ஒரு வரி நகர்ந்தால்

சரி, 3,610 ஓட்டு எங்கே போனது?

ஆன்ட்ரிமில் ஓட்டுப் போடுவது காகிதத்தில். வாக்காளர் பேனாவால் வட்டத்தை நிரப்பிச் சீட்டை ஸ்கேனரில் விடுவார். ஸ்கேனர் படித்துக்கொள்ளும், சீட்டு கீழே இருக்கும் பெட்டியில் விழும். மாலையில் வாக்குப்பதிவு முடிந்ததும் ஸ்கேனர் இரண்டு வேலை செய்யும். யாருக்கு எத்தனை என்று மளிகைக்கடை பில் போல ஒரு நீளமான காகிதச் சுருளை அச்சடித்துத் தள்ளும். இதை டேப் என்கிறார்கள். கூடவே அதே கணக்கை ஒரு மெமரி கார்டில் எழுதி வைக்கும். கார்டை பெல்லெய்ர் ஊரில் இருக்கும் கவுண்டி அலுவலகத்துக்கு எடுத்துப்போய் அங்கே இருக்கும் கணினியில் ஏற்றுவார்கள். கவுண்டிக்குள் இருக்கும் எல்லா டவுன்ஷிப் (சின்ன உள்ளூராட்சிப் பகுதி) கணக்கையும் கூட்டிப் பட்டியல் போடுவது அந்தக் கணினி.

இதில் ஒரு நுணுக்கம். கார்டில் 'டிரம்ப்', 'பைடன்' என்று பெயர் ஏறாது. ஒவ்வொரு போட்டியின் ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு எண் உண்டு, அந்த எண்தான் ஏறும். எந்த எண் யாருடையது என்ற அகராதி கணினியிலும் ஸ்கேனரிலும் தனித்தனியாக இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்கும்வரை எந்தப் பிரச்சினையும் இல்லை.

2020 அக்டோபரில், தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்னால், சென்ட்ரல் லேக், மான்செலோனா, வார்னர் என்ற மூன்று டவுன்ஷிப்புகளின் சீட்டில் சின்னச் சின்ன உள்ளூர்த் திருத்தங்கள் செய்ய வேண்டிவந்தது. அதிபர் போட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. திருத்தியதும் கணினி அகராதியை மறுபடி தயாரித்தது. எண்கள் வரிசையாகக் கொடுக்கப்படுபவை என்பதால், இடையில் நுழைந்த மாற்றம் அதற்குக் கீழே இருந்த எண்களை எல்லாம் ஒரு படி நகர்த்திவிட்டது. புதிய அகராதி சில ஸ்கேனர்களின் கார்டில் மட்டும் ஏறியது. மற்றவை பழையதோடே தேர்தல் நாளைச் சந்தித்தன.

வகுப்பாசிரியர்களுக்கு இது உடனே புரியும். வருகைப் பதிவேட்டில் நடுவில் ஒரு புதுப் பையன் சேர்ந்துவிட்டான். எக்ஸெல்லில் பெயர்ப் பட்டியலைத் திருத்தியாயிற்று. ஆனால் கணக்கு வாத்தியார் பழைய வரிசைப்படி மார்க் எழுதிக் கொடுத்ததை அப்படியே பக்கத்தில் ஒட்டினால், புதுப் பையனுக்குக் கீழே உள்ள ஒவ்வொருவனுக்கும் அடுத்தவன் மார்க் போய்ச் சேரும். மார்க் எதுவும் தப்பில்லை, பெயரும் தப்பில்லை. இரண்டையும் சேர்த்த இடம்தான் தப்பு.

இப்போது முதல் பட்டியலையும் மூன்றாவது பட்டியலையும் வைத்து நான் போட்டுப் பார்த்த கணக்கைச் சொல்கிறேன். அதிபர் போட்டியில் பைடன் முதல் வரி, டிரம்ப் இரண்டாவது, அடுத்து மற்றவர்கள். நகர்ந்த இடங்களில் டிரம்ப் ஓட்டு பைடன் வரியிலும், டிரம்புக்கு அடுத்தவரின் ஓட்டு டிரம்ப் வரியிலும் விழுந்தது, பைடன் ஓட்டு போட்டிக்கு வெளியே தள்ளப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். மற்ற கட்சிகள் 241-லிருந்து 145-ஆகக் குறைந்திருக்கின்றன. வித்தியாசம் 96. அந்த 96 டிரம்பிடம் போயிருக்கும். அப்படியானால் டிரம்ப் இழந்தது 5,335. அந்த 5,335 பைடனிடம் வந்திருக்க வேண்டும். ஆனாலும் பைடன் 7,769 மட்டுமே காட்டுகிறார் என்றால் அவர் இழந்தது 3,526. காணாமல் போன 3,610-இல் இந்த 3,526-ஐக் கழித்தால் மிச்சம் 84. உண்மையிலேயே அதிபர் போட்டியைக் காலியாக விட்டவர்கள் என்று மூன்றாவது பட்டியல் சொல்வது 72. கிட்டத்தட்ட வந்துவிட்டது.

மூன்று சமன்பாடு, மூன்று தெரியாத எண், ஏதோ ஒரு விடை எப்படியும் வரும் என்று கணக்குத் தெரிந்தவர்கள் மடக்கலாம். நியாயம்தான். அதனால் விடை அர்த்தமுள்ளதா என்று பார்க்க வேண்டும். நகர்ந்த ஓட்டுகளில் டிரம்ப் 5,335, பைடன் 3,526, அதாவது டிரம்ப் சுமார் 60 சதவீதம். நகராமல் நின்ற மிச்ச ஓட்டுகளில் டிரம்ப் சுமார் 63 சதவீதம். கவுண்டி முழுக்க 61. பிரித்த இரண்டு துண்டும் ஒரே ஊரின் துண்டுகளாகத்தான் இருக்கின்றன. நகர்ந்த கதை பொய்யாக இருந்தால் இந்தச் சதவீதங்கள் கன்னாபின்னாவென்று வந்திருக்கும்.

ஒரு பலகையில் எழுதி முடித்துவிடக்கூடிய கணக்கு இது. உள்ளே நுழைந்து மென்பொருளைத் தோண்டாமலேயே, வெளியிட்ட எண்களை வைத்து இவ்வளவு தூரம் வரமுடிகிறது.

டேப்

கணக்கு சொல்வது ஊகம். சாட்சி சொல்ல வேண்டியது காகிதம்.

ஸ்கேனர் அச்சடித்த டேப்பில் வேட்பாளருக்கு அகராதி எண் கிடையாது, பெயரே இருக்கும். அகராதி மாறியதெல்லாம் கார்டுக்கும் கவுண்டிக் கணினிக்கும் இடையிலான விவகாரம். டேப்பில் ஸ்கேனர் தன் சொந்த அகராதியை வைத்துத் தானே அச்சடித்துக்கொண்டது. ஆகவே அதிபர் போட்டியைப் பொறுத்தவரை டேப்பில் பாதிப்பு இல்லை. டேப்பை எடுத்து வெளியிட்ட பட்டியலோடு வைத்துப் பார்த்ததும், எந்த டவுன்ஷிப்பில் எத்தனை தப்பு என்பது வரி வரியாகத் தெரிந்துவிட்டது.

நம்மூரில் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தவர்களுக்கு இது பழகிய விஷயம். வாக்குப்பதிவு முடிந்ததும் படிவம் 17சி-யில் அந்தச் சாவடியில் பதிவான மொத்த ஓட்டை எழுதி, கையெழுத்திட்டு, ஏஜெண்டுகளுக்கு நகல் கொடுக்க வேண்டும். எண்ணும் நாளில் இயந்திரம் காட்டும் மொத்தமும் இதுவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கத்தான் அந்த நகல். 2024 மக்களவைத் தேர்தலில் பதிவான ஓட்டு எத்தனை என்று முழு எண்ணாக வெளியிடச் சொல்லிப் பெரிய சண்டை நடந்ததும், கடைசியில் மே 25 அன்று முதல் ஐந்து கட்டங்களுக்கான எண்களை ஆணையம் வெளியிட்டதும் நினைவிருக்கும். சதவீதத்தை வைத்துக்கொண்டு கழித்தல் போட முடியாது. ஆன்ட்ரிமில் 16,047 என்ற முழு எண் கொடுத்திருந்ததால்தான் 3,610 கண்ணில் பட்டது.

ஆன்ட்ரிமில் எங்கே கோட்டை விட்டார்கள் என்றால், டேப்போடு ஒப்பிடும் வேலை வெளியிட்ட பிறகுதான் வந்தது. மிச்சிகன் சட்டப்படி கவுண்டி சரிபார்ப்பு வாரியம் உட்கார்ந்து ஒவ்வொரு டேப்பையும் பார்த்துத்தான் முடிவைச் சான்றளிக்கும். அந்த வகையில் முதல் பட்டியல் இறுதி முடிவாக ஆகியிருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் உலகம் வாரியத்துக்காகக் காத்திருப்பதில்லை. விடிவதற்குள் வெளியான எண்ணைத்தான் எல்லாரும் படம் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

அதே இரவு மிச்சிகனிலேயே இன்னொரு கூத்தும் நடந்தது. ஷியாவாஸி கவுண்டியில் பைடனுக்கு 15,371 என்று தட்டவேண்டிய இடத்தில் ஒரு பூஜ்யம் கூடி 153,710 ஆகிவிட்டது. சிறிது நேரத்திலேயே திருத்திவிட்டார்கள். ஆனால் வரைபடத்தில் செங்குத்தாக ஏறிய கோட்டின் படம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பூஜ்யப் பிழை கண்டுபிடிக்கச் சுலபம், அந்தக் கவுண்டியில் அவ்வளவு ஜனமே கிடையாது. ஆன்ட்ரிம் பிழை அப்படிக் கத்தவில்லை. 7,769 பார்க்க நல்ல பிள்ளையாக இருக்கும் எண்.

திருத்திய பட்டியலையும் திருத்த வேண்டும்

இரண்டாவது பட்டியல் வந்ததும் பெரும்பாலானோர் மூச்சு விட்டார்கள். டிரம்ப் முன்னிலை, சதவீதமும் 56-ஐத் தாண்டிவிட்டது, ஊர் வழக்கத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. 'சரி, சரியாப் போச்சு.' எதிர்பார்ப்போடு ஒப்பிடுவதில் இருக்கும் ஆபத்து என்று முன்னால் சொன்னேனே, அது இங்கேதான் கடிக்கிறது.

இரண்டு நாளில் ஓட்டுப் போட்டவர்கள் 16,047-லிருந்து 18,059 ஆகியிருக்கிறார்கள். 2,012 பேர் கூடுதல். வாக்குப்பதிவு முடிந்து இரண்டு நாள் ஆயிற்று, இவர்கள் எங்கிருந்து முளைத்தார்கள்? ஓட்டு சதவீதம் 72.7-லிருந்து 81.8-க்குத் தாவிவிட்டது. பதிவான வாக்காளர்களைவிட ஓட்டு அதிகமா என்ற வழக்கமான சோதனையை வைத்தால் இந்தப் பட்டியல் பாஸ். 22,082-ஐ இன்னும் தாண்டவில்லை. பலபேர் இந்த ஒரு சோதனையோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அது மிகப் பெரிய ஓட்டைகள் உள்ள சல்லடை.

மறுபடி அதே கழித்தல். 18,059-இல் அதிபர் ஓட்டு 17,347 போக மிச்சம் 712. கிட்டத்தட்ட 4 சதவீதம். முதல் பட்டியலின் இருபத்திரண்டைப் பார்த்த கண்ணுக்கு நாலு சதவீதம் தேவலை போலத் தோன்றும். அரை சதவீதம் வரவேண்டிய இடத்தில் நாலு வந்தால் பட்டியல் இன்னும் உடைந்துதான் இருக்கிறது. பைடன் 7,289-இல் கடைசியில் நின்றது 5,960தான், 1,329 ஓட்டு இறங்கியது. ஆளும் கூடி ஓட்டும் கூடினால் அது ஒரே கணக்கு இரண்டு முறை ஏறியதன் சாயல். அவசரத்தில் திருத்தும்போது பழையதை அழிக்காமல் புதியதைச் சேர்ப்பது, அட்டவணையோடு மாரடிக்கும் எவருக்கும் தெரிந்த வியாதி.

தேர்தல் முடிவைத் தொகுத்து வைப்பவர்கள் இந்த இரண்டாவது பட்டியலை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும். நவம்பர் 6 அன்று தரவை இறக்கிப் பத்திரப்படுத்திவிட்டு 'திருத்தப்பட்டது' என்று குறிப்பும் எழுதிவைத்திருந்தால், அந்தக் கோப்பில் இன்றுவரை 18,059 உட்கார்ந்திருக்கும்.

68 சதவீதம்

இப்போது தவறான சரிபார்ப்பு எப்படி இருக்கும் என்பதற்கு வருவோம். அதற்கும் ஆன்ட்ரிமே உதாரணம்.

ஒரு உள்ளூர் வாக்காளர் வழக்குப் போட்டார். நீதிபதி கெவின் எல்சன்ஹைமர் இயந்திரங்களின் உள்ளடக்கத்தை நகலெடுக்க அனுமதித்தார். டிசம்பரில் அலைட் செக்யூரிட்டி ஆபரேஷன்ஸ் குரூப் என்ற நிறுவனம் அதை ஆராய்ந்து ஓர் அறிக்கை கொடுத்தது. டிசம்பர் 14 அன்று அது வெளியானது. அதில் தலைப்புச் செய்தியான எண் 68.05 சதவீதம். இயந்திரத்தின் 'பிழை விகிதம்' அது என்றார்கள். அனுமதிக்கப்பட்ட பிழையோ 2,50,000 சீட்டுக்கு ஒன்றுதான் என்றும் சொன்னார்கள். உடனே நாடு முழுக்க '68 சதவீத ஓட்டு தவறாக எண்ணப்பட்டது' என்று பரவியது. டிரம்பே பரப்பினார்.

68.05 எங்கிருந்து வந்தது? ஒரு ஸ்கேனரின் லாக் கோப்பில், அதாவது நடப்பதை எல்லாம் அது தானே குறித்துவைக்கும் பதிவேட்டில், 15,676 வரிகள். அதில் பிழை அல்லது எச்சரிக்கை என்று அவர்கள் வகைப்படுத்தியவை 10,667. வகுத்தால் 68.05. வகுத்தலில் தப்பே இல்லை. ஆனால் மேலே இருப்பதும் கீழே இருப்பதும் லாக் வரி, ஓட்டு அல்ல. சீட்டு கோணலாக உள்ளே போனால் ஸ்கேனர் அதைத் திருப்பித் தள்ளிவிட்டு ஒரு வரி எழுதும். வாக்காளர் சீட்டை நேராக்கி மறுபடி விடுவார், அது சரியாக எண்ணப்படும். லாக் கோப்பில் அந்தத் திருப்பித் தள்ளிய வரி நிற்கும். பஸ்ஸில் கண்டக்டர் எத்தனை தடவை விசில் ஊதினார் என்று எண்ணி, எத்தனை பேர் டிக்கெட் எடுக்கவில்லை என்று முடிவு கட்டுவது போல.

இதே நிறுவனத்தின் ரஸல் ராம்ஸ்லேண்ட் அதற்குச் சில வாரம் முன்னால் ஜார்ஜியா வழக்கு ஒன்றில் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்திருந்தார். மிச்சிகன் ஊர்களில் வாக்காளர்களைவிட ஓட்டு அதிகம் என்று. அவர் கொடுத்த ஊர்ப் பெயர்கள் மினசோட்டாவைச் சேர்ந்தவை. மாநிலமே மாறிப்போயிருந்தது. ஓட்டுத் தரவின் நம்பகத்தன்மையைச் சோதிக்கப் புறப்பட்டவர், தான் கையில் வைத்திருக்கும் கோப்பு எந்த ஊருடையது என்று முதல் வரியைப் பார்க்கவில்லை.

அந்த மாதங்களில் இணையத்தில் கொடிகட்டிப் பறந்த இன்னொரு சோதனை பென்ஃபோர்டு விதி. எண்களின் முதல் இலக்கம் 1-ஆக இருப்பது அதிகம், 9 குறைவு என்பது அந்த விதி. சிகாகோ, மில்வாக்கி சாவடி எண்களை இதில் போட்டு 'பைடன் கோடு கோணுகிறது' என்று படம் வரைந்தார்கள். சாவடிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் எண்கள் ஒரு குறுகிய வட்டத்துக்குள்தான் வரும், விதி அங்கே பொருந்தவே பொருந்தாது. தேர்தல் தடயவியலில் பல வருடம் உழைத்த வால்டர் மெபேனே இதை விளக்கி ஒரு குறிப்பு எழுத வேண்டியதாயிற்று. பதினைந்து டவுன்ஷிப் கொண்ட ஆன்ட்ரிமில் பென்ஃபோர்டு எதையும் பிடித்திருக்காது என்பது தனி. உண்மையான பிழை கண்ணெதிரே இருந்த இடத்தில் கழித்தல் போதும், இல்லாத இடத்தில்தான் பென்ஃபோர்டு தேவைப்பட்டது.

ஹால்டர்மன்

தேர்தலை மேற்பார்வையிடும் மாநிலச் செயலாளர் அலுவலகமும் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகமும் மிச்சிகன் பல்கலைக்கழகக் கணினிப் பேராசிரியர் ஜே. அலெக்ஸ் ஹால்டர்மனிடம் ஆய்வை ஒப்படைத்தன. இவர் இயந்திரங்களுக்கு வக்காலத்து வாங்குபவர் அல்ல. 2010-இல் ஹைதராபாத்தின் ஹரி பிரசாத்தோடு சேர்ந்து இந்திய மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் எப்படிக் கைவைக்கலாம் என்று காட்டிய குழுவில் இருந்தவர். வாக்கு இயந்திரங்களை உடைத்துக் காட்டுவதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஆள் 'இங்கே யாரும் உடைக்கவில்லை' என்று சொன்னால் அதற்கு எடை அதிகம்.

2021 மார்ச்சில் வந்த அவரது அறிக்கை, அகராதி நகர்ந்த கதையை ஆதாரத்தோடு உறுதி செய்தது. சீட்டு மாற்றத்தைக் கையாண்டதில் மனிதத் தவறு. அதோடு மென்பொருளையும் அவர் விடவில்லை. பழைய அகராதியோடு வந்த கார்டைக் கணினி ஒரு வார்த்தை கேட்காமல் ஏற்றுக்கொண்டது, அந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை வந்திருக்க வேண்டும் என்றார். இயந்திரங்களின் பாதுகாப்பும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்றார். வெளியிலிருந்து யாரும் புகுந்ததற்கான தடயம் மட்டும் கிடைக்கவில்லை.

அதற்கு முன்பே, டிசம்பர் 17 அன்று, கவுண்டியின் அதிபர் ஓட்டுகள் அத்தனையும் கையால் எண்ணப்பட்டுவிட்டன. டிரம்ப் 9,759. பைடன் 5,959. சான்றளித்த எண்ணோடு வைத்துப் பார்த்தால் டிரம்புக்கு 11 கூடுதல், பைடனுக்கு 1 குறைவு. கிட்டத்தட்ட 16,000 சீட்டில் மொத்தம் 12 ஓட்டு நகர்வு. வட்டத்தை அரைகுறையாக நிரப்பிய சீட்டை மனிதக் கண் ஒரு மாதிரியும் ஸ்கேனர் ஒரு மாதிரியும் படிப்பதால் வழக்கமாக வரக்கூடிய அளவு. சொல்லப்போனால் வித்தியாசம் பூஜ்யம் என்று வந்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

குடியரசுக் கட்சி பெரும்பான்மையாக இருந்த மிச்சிகன் செனட்டின் மேற்பார்வைக் குழுவும், எட் மெக்ப்ரூம் தலைமையில், 2021 ஜூனில் இதே முடிவுக்கு வந்தது. ஆன்ட்ரிம் பெயரைச் சொல்லிப் பணம் திரட்டியவர்களை விசாரிக்க வேண்டும் என்றும் எழுதியது. வழக்கு அதற்கு முந்தைய மாதமே தள்ளுபடியாகியிருந்தது.

மிச்சம் இருந்த பிழை

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். ஹால்டர்மன் ஒரு படி கீழே இறங்கிப் பார்த்திருக்கிறார். அதிபர் ஓட்டு சரி, ஆனால் சீட்டின் அடியில் இருந்த போட்டிகள்?

திருத்தம் நடந்த மூன்று டவுன்ஷிப்புகளில் ஒன்று சென்ட்ரல் லேக் என்று சொன்னேன். அங்கே சென்ட்ரல் லேக் கிராமத்தில் கஞ்சாச் சில்லறைக் கடைக்கு அனுமதி தரலாமா என்று ஒரு உள்ளூர்த் தீர்மானம் சீட்டின் கடைசியில் இருந்தது. தேர்தல் இரவில் 262-க்கு 262 என்று சமமாக நின்றது. சமம் என்றால் தோல்வி. பிழை தெரிந்து சீட்டுகளை மறுபடி ஸ்கேன் செய்தபோது 262-க்கு 261. ஒரே ஓட்டில் தீர்மானம் நிறைவேறியது. வழக்குப் போட்ட வாக்காளரின் புகாரில் இதுவும் ஒன்று.

சான்றளித்த இறுதி முடிவிலும் சென்ட்ரல் லேக்கில் சில்லறைப் பிழைகள் மிச்சம் இருந்தன என்று ஹால்டர்மன் காட்டினார். வேறு எந்தப் போட்டியிலும் அவை முடிவை மாற்றும் அளவுக்கு இல்லை. கஞ்சாக் கடைத் தீர்மானத்தில் மட்டும், ஒரு ஓட்டு வித்தியாசம் என்பதால், முடிவையே மாற்றியிருக்கக்கூடியவை.

டிசம்பர் 17 அன்று கையால் எண்ணியது அதிபர் போட்டியை மட்டும்தான். அன்றைக்கு மேசை மேல் விரித்து வைத்திருந்த சீட்டுகளிலேயே, கொஞ்சம் கீழே, அந்தத் தீர்மானமும் இருந்தது.